சாட்சி சிலைடு

மாசானத்தின் ரத்தம் இரண்டாவது முறையாக மேசைக்கு வந்தபோது, குழாயில் ஒட்டியிருந்த பெயரை உலகம்மாள் மூன்று தடவை படித்தாள். மாசானம், வயது இருபத்தொன்பது, வெல்டர், மேல்துறையிலிருந்து பதினான்காம் மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர். கீழே டாக்டர் தங்கையா தன்னுடைய கோழிக்கிறுக்கலில், 'எலும்பு மஜ்ஜை பழுது. பழைய அறிக்கையை எடுத்து வைக்கவும்' என்று எழுதியிருந்தார். பழைய அறிக்கையைத் தேடி எடுக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை, அது மனப்பாடம். அதை எழுதியவளும் அவள்தான். எழுதும்போதே அது பொய் என்று தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

மேல்துறை என்பது நிலவுக்குப் போகிற கப்பல்கள் நின்று போவதற்காக ஆகாயத்தில் கட்டிக்கொண்டிருக்கிற துறைமுகம். கட்டுகிற வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்து வெல்டர்களுக்கு நல்ல கிராக்கி. முன்னே வளைகுடாவுக்கு அலைந்தது போலவே இப்போது இதற்கும் ஏஜென்ட், பாஸ்போர்ட், மெடிக்கல் என்று அலைகிறார்கள். 'எங்க வீட்டுக்காரரு மேல போயிருக்காரு' என்று முதன்முதலில் ஒருத்தி பஸ்ஸில் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவள் அவள் நெற்றியில் பொட்டைப் பார்த்துக் குழம்பிப்போனாளாம். இப்போது யாரும் குழம்புவதில்லை. பழகிவிட்டது.

மெடிக்கலில் மற்றதெல்லாம் சம்பிரதாயம். ஆளைத் தள்ளுவதும் எடுப்பதும் ஒரே ஒரு சோதனைதான். அது பாளையங்கோட்டையில் டாக்டர் தங்கையாவின் ஆய்வகத்தில், பதினெட்டு வருஷமாக உலகம்மாளின் கையால் நடந்துவந்தது. 'உலகம்மா கை சுத்தம்' என்று டாக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவள் அதைக் காதில் வாங்காதது போல நிற்பாள். உள்ளே பூரித்துப்போவாள். அந்தப் பூரிப்புதான் பிறகு அவளைக் கெடுத்தது.

முதல் தடவை வந்தபோது மாசானம் சும்மா இருக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டே, இந்த ஒரு குப்பி ரத்தத்தில் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். கேட்கிறவர்கள் குறைவு என்பதால் அவளும் ஊசியைக் குத்திக்கொண்டே சொன்னாள்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு நூல் இருக்கு தம்பி. மேல போனா கதிர் வந்து அந்த நூலை அறுக்கும். அறுந்த இடத்துக்கு ஒட்டுத வேலைக்குன்னு ஒரு புரதம் ஓடி வரும். அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதனால நாங்க ஒரு ஆன்டிபாடிய உள்ள விடுவோம். அது அந்தப் புரதத்தை மட்டுந்தான் போய்ப் பிடிக்கும், வேற எதையும் தொடாது. அதுமேல பச்சையா ஒளிருத சாயத்தை ஏத்தியிருப்போம். நுண்ணோக்கில பாத்தா எங்கெங்க ஒட்டு வேலை நடக்கோ அங்கெல்லாம் பச்சைப் புள்ளி தெரியும்."

"அப்ப வெல்டருக்குப் பச்சைச் சட்டை போட்டு விடுதிய."

"அப்படியே வச்சுக்கோங்க. இந்த ரத்தத்துக்கு இங்கயே கொஞ்சம் கதிர் காட்டுவோம். ஒரு மணி நேரத்துல ஒரு செல்லுக்கு இருபது, இருபத்தஞ்சு புள்ளி இருக்கும். மறுநாள் பாத்தா ஒண்ணு ரெண்டுதான் இருக்கணும். வேலை முடிஞ்சு வெல்டர் வீட்டுக்குப் போயிட்டான்னு அர்த்தம். மூணுக்கு மேல நின்னுச்சுன்னா ஒட்டல, மேல போகக்கூடாது."

மாசானம் ஒரு நிமிஷம் யோசித்தான். தொழில் தெரிந்தவன் அல்லவா. வேலையை முடிக்காமலே வெல்டர் சட்டையைக் கழற்றிப் போட்டாலும் பச்சை தெரியாதே என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரிடம் படிக்க வந்த பட்டதாரிகள்கூட அதைக் கேட்டதில்லை. அதற்காகத்தான் சாட்சி சிலைடு என்று ஒன்று கூடவே வைப்போம், ஒட்டாது என்று ஏற்கெனவே தெரிந்த செல்களை அதில் வைத்து அதே சாயத்தைக் காட்டுவோம், சாட்சியில் பச்சை எரிந்தால்தான் மற்ற சிலைடில் உள்ள இருட்டை நம்புவோம் என்று விளக்கினாள். அவன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

அது ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால். ஒரு மணி நேரச் சிலைடை அன்றைக்கே எண்ணி முடித்தாள், இருபத்தாறு புள்ளி. மறுநாள் காலையில் இரண்டாவது சிலைடுக்கும் சாட்சி சிலைடுக்கும் சாயம் ஏற்றி, காயட்டும் என்று கறுப்புப் பெட்டியில் அடுக்கினாள். அந்தச் சாயம் வெளிச்சத்துக்கு ஆகாது. வெயில் பட்டால் வெளுத்துப்போகும். அதற்குத்தான் கறுப்புப் பெட்டி.

அதே சாயங்காலம் பூஜைக்காக ஆய்வகத்தையே கவிழ்த்துப்போட்டுத் துடைத்தார்கள். நுண்ணோக்கிக்குச் சந்தனம், குங்குமம். குளிர்பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். சின்னச் சாமான்களையெல்லாம் தெற்கு ஜன்னல் மேடையில் வாழையிலை விரித்துப் பரப்பினார்கள். பூஜைக்கு வைத்த பெட்டி எதுவும் மூடியிருக்கக் கூடாது என்பது உலகம்மாள் வீட்டு வழக்கம். தையல் பெட்டி, அஞ்சறைப் பெட்டி எல்லாவற்றையும் அவள் அம்மா திறந்துதான் வைப்பாள். காலையில் தானே அடுக்கியதை மறந்து, காலிப் பெட்டி என்ற நினைப்பில், கறுப்புப் பெட்டியையும் துடைத்துப் பொட்டு வைத்து அவளே மூடியைத் திறந்து வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுபூஜை வரை யாரும் தொட மாட்டார்கள். ஒரு முழுப் பகலும், விஜயதசமியன்று முற்பகலும் வெயில் நேராக அந்தப் பெட்டிக்குள் இறங்கியது.

விஜயதசமியன்று பதினொரு மணிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் பெட்டியை எடுத்தபோதுதான் உள்ளே சிலைடுகள் இருந்ததைப் பார்த்தாள். ஓடிப்போய் நுண்ணோக்கியில் மாட்டினாள். செல்லின் கருவைக் காட்டுகிற நீலச் சாயம் கெட்டிச் சாயம், அது அப்படியே இருந்தது. பச்சை ஒன்றுகூட இல்லை. ஒட்டி முடிந்ததால் இல்லையா, வெளுத்ததால் இல்லையா? சாட்சி சிலைடை மாட்டினாள். அதுவும் இருட்டு.

அப்போது அவள் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு காரியம். இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ரத்தம் எடுத்து, இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பட்டியல் அன்று நான்கு மணிக்கு மூடுகிறது. விட்டால் அடுத்த பயணம் ஒன்றரை வருஷம் கழித்துத்தான். டாக்டரிடம் என்னவென்று சொல்வது, பெட்டியைத் திறந்து வெயிலில் காய வைத்தேன் என்றா? அதற்குப் பிறகு அவர் யாரிடம் 'கை சுத்தம்' என்று சொல்லுவார்?

இந்தக் குழப்பத்தோடு வாசலுக்கு வந்தவள் அங்கே மாசானத்தின் மனைவியைப் பார்த்தாள். முப்பிடாதி என்று பெயர். ஆறு மாத வயிற்றோடு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உலகம்மாளைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினாள். "யக்கா, பாத்து செய்யுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பாத்து செய்யுங்க. இந்த ஊரில் அந்த வார்த்தையை எதற்குச் சொல்லுவார்கள் என்று யாருக்குத்தான் தெரியாது? தாலுகா ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூட வாசலிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், காரியத்தை முடித்துக் கொடுங்கள். உலகம்மாளின் மனம் சட்டென்று இளகிவிட்டது. இளகுவதற்குத் தயாராகவே இருந்தது என்பதுதான் நிஜம். தன் தவறை மறைக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, அது இரக்கம் என்ற நல்ல பெயரோடு வாசலில் வந்து நின்றது.

உள்ளே போய் எழுதினாள். புள்ளியே இல்லை என்று எழுதினால் டாக்டர் புருவத்தைத் தூக்குவார் என்று, சராசரி ஒன்று என்று எழுதினாள். சாட்சி சிலைடு என்ற கட்டத்தில் 'சரி' என்று எழுதினாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பிறகு பல நாள் அவள் வெறுத்தது அதைத்தான்.

பதினான்கு மாதம் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினாள். பத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டத்தான் செய்கிறது, இவனுக்கும் ஒட்டியிருக்கும், பொய்யாக எழுதியது உண்மையாகவே இருந்திருக்கும். இப்போது அவன் ரத்தம் திரும்பி வந்துவிட்டது.

ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஒரு சின்னக் குப்பியை ஐந்து வருஷம் உறைபெட்டியில் வைத்திருப்பது ஆய்வகத்து வழக்கம். மாசானம் மேலே போவதற்கு முன் எடுத்த குப்பியை வெள்ளிக்கிழமை யாரும் பார்க்காமல் வெளியே எடுத்தாள். முறைப்படி கதிர் காட்டினாள், மறுநாள் வரை காத்திருந்தாள், சாயம் ஏற்றினாள், பெட்டியை மூடி மூடி வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் முதலில் சாட்சி சிலைடைப் பார்த்தாள். பச்சை சுள்ளென்று எரிந்தது. பிறகு மாசானத்தின் சிலைடு. இருநூறு செல்லை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு இருநூறு எண்ணினாள். ஒரு செல்லுக்கு ஒன்பது. அவன் ஒருநாளும் மேலே போயிருக்கக் கூடாதவன். அவனை அனுப்பியது அவள்.

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று அவர் அறைக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். திங்கட்கிழமை மேல்துறைக் கம்பெனியின் மருத்துவ அதிகாரி வருகிறார், பழைய அறிக்கையைச் செய்தவரை நேரில் பார்க்க வேண்டுமாம், நீதான் உட்கார வேண்டும் என்றார். மாசானத்துக்கு மஜ்ஜை மாற்றியாக வேண்டும், இங்கே அது முடியாது, கம்பெனியின் சென்னை ஆஸ்பத்திரியில்தான் முடியும் என்றார்.

"சோதனையில பாஸ் ஆகி மேல போய் நோவு வந்தா கம்பெனி கடைசி வரைக்கும் பாக்கணும், அது ஒப்பந்தம். சோதனையே தப்புன்னு ஆயிட்டா ஒப்பந்தம் செல்லாது. தகுதியில்லாம போனவன்னு கையை விரிச்சிருவான். நல்ல வேளை, உன் கையில நடந்த டெஸ்ட். எனக்குக் கவலையில்ல உலகம்மா."

அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாசானம் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டைக்கு வெளியே தெரிந்த கையெல்லாம் அடிபடாமலே கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. பல் ஈறில் ரத்தம் காய்ந்திருந்தது. வெல்டருக்குப் பச்சைச் சட்டை போட்டு விடுகிறீர்களா என்று கேட்டவன் இவன்தானா என்று அவள் மனம் மறுகியது. ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முப்பிடாதி நின்றாள். தண்ணீர்க் குழாய் இருக்கிற வராந்தாவுக்கு அவளைக் கூட்டிப்போய் உலகம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். பூஜை, பெட்டி, வெயில், இருட்டாயிருந்த சாட்சி, எழுதிய எண், நேற்று எண்ணிய ஒன்பது, ஒப்பந்தத்தைப் பற்றி டாக்டர் சொன்னது. ஒன்றையும் விடவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்.

முப்பிடாதி அழவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு கேட்ல நின்னு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"பாத்து செய்யுங்கன்னு சொன்ன. அதான் நான்..."

"பாத்துச் செய்யுங்கன்னு சொன்னேன். நல்லா பாருங்க, கண்ணு வச்சுப் பாருங்கன்னு சொன்னேன். இவுகளுக்கு ஒரு தீப்பொறி பட்டா புண்ணு ஆற மாசக்கணக்குல ஆகும். உடம்பு லேசுப்பட்ட உடம்புன்னு கூட இருக்கவளுக்குத் தெரியாதா? போகாதியன்னு சொன்னா கேக்க மாட்டாவ. நீங்க பாத்தியன்னா எப்படியும் கண்டுபிடிச்சுத் தள்ளிருவியன்னு நம்பி வந்து நின்னேன். ஃபெயில் ஆயிரணும்னு நேந்துகிட்டு நின்னேன்."

யார் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டதாக உலகம்மாள் இத்தனை நாள் நினைத்திருந்தாளோ, அந்த முகம் வேறு எதையோ கேட்டிருக்கிறது. இரக்கம் என்ற அந்த ஒரு துணியும் இப்போது அவள் மேல் இல்லை.

நாளைக்கு அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், வேலை போனாலும் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்றாள். முப்பிடாதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொன்னா உங்க பாரம் இறங்கிரும். கம்பெனிக்காரவ இவுகள அந்தக் கட்டில்லருந்து இறக்கி விட்டுருவாவ. அதுக்கா சொல்லப் போறிய?"

முப்பிடாதி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் பாக்காம சொன்னிய. இப்பப் பாத்துட்டிய, சொல்லாம இருங்க. நான் உங்கள மன்னிக்கல்லாம் மாட்டேன். அதுக்கு எனக்கு நேரமும் இல்ல. மெட்ராஸுக்குப் போய் இவுக எந்திரிச்சு உக்காரணும். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை ஆய்வகத்து முன்பந்தலில் நாற்பது பேர் இருந்தார்கள். அடுத்த பயணத்துக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள். களக்காடு, ஏர்வாடி, திசையன்விளை என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, கையில் சான்றிதழ் உறையோடு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி பத்து மணிக்கு வந்தார். பரத்ராம் என்று பெயர், தன்மையான மனிதர். டாக்டர் பக்கத்தில் இருக்க, அறிக்கையை உலகம்மாள் முன்னால் வைத்து ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒரு மணி நேரம், இருபத்தாறு, சரியா? சரி. மறுநாள், ஒன்று, சரியா? சரி. சாட்சி சிலைடு?

"சரியா இருந்துச்சு சார்" என்றாள்.

அவர் நீட்டிய பேனாவை வாங்கினாள். அறிக்கையின் அடியில் மறுபடியும் கையெழுத்துப் போட்டாள். அவர் அங்கேயே போனை எடுத்து, மாசானத்தைப் புதன்கிழமைக்குள் சென்னைக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்யச் சொன்னார். உலகம்மாளுக்கு மூச்சு வந்தது. செய்த பாவத்தில் ஒரு மூலையாவது கழிந்தது என்று நினைத்தாள். அந்த நினைப்பு இரண்டு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

அறிக்கையைப் பைக்குள் வைத்தபடியே பரத்ராம் டாக்டரிடம் பேச ஆரம்பித்தார். "நாங்க பயந்தது இதுதான் டாக்டர். லேப்ல தப்பு நடந்திருந்தா விட்டிருக்கலாம். உங்க லேப் மாதிரி இடத்துல, இவ்வளவு சுத்தமா பாஸ் ஆனவருக்கே இப்படி ஆகுதுன்னா, இந்த டெஸ்ட்டை நம்பி பிரயோஜனம் இல்ல. எங்க மேலிடம் இதுக்காகத்தான் காத்திருந்தாங்க. இந்த பேட்ச்ல இருந்து டெஸ்ட் கிடையாது. சாதாரண மெடிக்கல் போதும்."

டாக்டர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். ஒரு ஆளை வைத்து முடிவு கட்டலாமா, ஆயிரம் பேரைத் தள்ளிக் காப்பாற்றிய சோதனை அல்லவா என்றார். பரத்ராம் எல்லாவற்றுக்கும் தன்மையாகச் சிரித்தார். முடிவு செய்துவிட்டு வந்தவரோடு என்ன பேசுவது? உலகம்மாள் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் மாசானம் சாவான். திறக்காவிட்டால் வெளியே இருக்கிற நாற்பது பேரில் நாலு பேர். அடுத்த நாற்பதில் இன்னொரு நாலு பேர். அதிகாரி எழுந்து டாக்டரோடு கைகுலுக்கிக்கொண்டு போகும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

அவர் போகிற போக்கிலேயே பந்தலில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கே ஒரே கலகலப்பு. ஒருவன் போனில் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொருவன், மூன்று நாளாகச் சாமியைக் கும்பிட்டதற்குப் பலன் கிடைத்தது என்று பக்கத்து ஆளின் தோளைத் தட்டினான். உலகம்மாள் ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"கம்பெனிக்கு வேண்டாம்னா போகட்டும். உங்களுக்காக நான் பாக்குதேன்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "யாருக்கும் அறிக்கை அனுப்ப மாட்டேன். உங்க காதுல மட்டும் சொல்லுதேன். ஒட்டாத உடம்புன்னா மேல போயிறாதிய. நல்ல சோதனை இது. தப்பு சோதனையில இல்ல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை போய்விடுமோ என்று லேப்காரி பயந்துபோய்ப் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நடந்தார்கள். அவர்கள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். ஒருவர்கூடச் சட்டைக் கையை மடிக்கவில்லை.

கடைசியாக ஒருவன் தயங்கி நின்றான். மாசானத்தின் வயதுதான் இருக்கும். முழங்கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். அவள் அவசரமாக ஒரு ஊசியைப் பிரித்தாள்.

"இது கட்டாயமாக்கா?" என்று கேட்டான்.

கட்டாயம் என்று பொய் சொல்லலாம். இரண்டு பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு மூன்றாவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது அது வரவில்லை.

"கட்டாயமில்ல தம்பி."

"அப்ப நான் வாரேன்க்கா" என்று சிரித்தபடி கையெடுத்துக் கும்பிட்டான்.

போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்ப வேண்டும். உலகம்மாளால் அதைச் சொல்ல முடியவில்லை.